இடுக்கி சேற்றுக்கும் கனடா மெக்கானிக்குக்கும் என்ன சம்பந்தம்? ரப்பர் பட்டையில் வண்டி ஓட்டிய பாம்பார்டியரின் கதை

பாலக்காட்டு வயல்களில் அறுவடை சமயத்தில் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். அறுவடை இயந்திரத்தில் டயர் வண்டி ஒரு ரகம், பெல்ட் வண்டி இன்னொரு ரகம். வயல் காய்ந்திருந்தால் டயர் வண்டியே போதும். மழை பெய்து சேறாகிவிட்டால் பெல்ட் வண்டிதான் இறங்கும். டயர் வண்டி சிக்கிக்கொண்டால் அதை இழுக்க இன்னொரு வண்டி தேடணும்.

அங்கிருந்து தெற்கே, ஆனைமலைத் தொடருக்கு அந்தப் பக்கம் இடுக்கி மாவட்டத்தில் இருக்கிறது இடமலக்குடி. முதுவான் மக்கள் வாழும் இந்த ஊர் 2010-இல் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சி ஆனது. அங்கே யாருக்காவது உடம்பு முடியலைன்னா, கம்பில் டோலி கட்டித் தூக்கிக்கொண்டு காட்டு வழியே நடந்த செய்திகளைப் படித்திருப்பீர்கள். பாலக்காட்டின் அட்டப்பாடியிலும் இதே கதைதான். 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் நிலச்சரிவு வந்து, பெரும்பாலும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 70 பேர் போனார்கள். வழியில் பாலம் சேதமாகி, மீட்பு வண்டிகள் போய்ச் சேரவே பாடுபட வேண்டியிருந்தது.

சாலையே இல்லாத இடத்துக்கு நோயாளியைத் தேடிப் போகும் வண்டி வேண்டும் என்று ஒரு சின்ன ஊர் மெக்கானிக் தொண்ணூறு வருஷத்துக்கு முன்பே மண்டையை உடைத்துக்கொண்டார். அவர் பெயர் ஜோசப் அர்மான் பாம்பார்டியர். டெல்லி மெட்ரோவில் போயிருந்தால் இந்தப் பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். ரயில் பெட்டியும் விமானமும் செய்த அந்த கனடா கம்பெனியைத் தொடங்கியவர் இவர்தான். ஆனால் அவர் இருந்தவரை ரயிலும் செய்யவில்லை, விமானமும் செய்யவில்லை.

1907 ஏப்ரல் 16 அன்று கியூபெக் மாகாணத்தின் வல்கூர் என்ற ஊரில் பிறந்தார். அங்கே குளிர்காலம் வந்தால் சாலைகள் பனிக்குள் புதைந்துவிடும். கார்களை ஓரம் கட்டிவிட்டு, குதிரை பூட்டிய சறுக்கு வண்டிக்கு மாறிவிடுவார்கள்.

பையனுக்கு எந்திரத்தைப் பிரித்துப் போடுவதுதான் விளையாட்டு. தொல்லை தாங்காமல் அப்பா ஒரு பழைய ஃபோர்டு மாடல் டி வண்டியைக் கொடுத்தார். 1922 டிசம்பர் கடைசி நாள், 15 வயது அர்மான் அதன் எஞ்சினைச் சறுக்கு வண்டியில் ஏற்றி, பின்னால் மரக் காற்றாடி மாட்டி, தம்பியோடு தெருவில் ஓட்டிக் காட்டினார். ஊரே வாய் பிளந்து பார்த்தது. சுழலும் காற்றாடியைப் பார்த்த அப்பாவோ உடனே பிரித்துப்போடச் சொல்லிவிட்டார். அப்பா செய்தது சரிதான். அது கை காலை வெட்டும் சமாச்சாரம்.

பாதிரியாராக்க வேண்டும் என்பது பெற்றோரின் ஆசை. குருமடத்தில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு வெளியே வந்தார். மான்ட்ரியலில் தொழில் பழகி, 19 வயதில் சொந்த ஊரில் கராஜ் போட்டார். கோடையில் கார் ரிப்பேர். குளிர்காலத்தில் கார் ஓடாது, வேலையும் இருக்காது. அந்த ஓய்வில்தான் வருஷா வருஷம் பனி வண்டி செய்து பார்த்தார்.

1934 குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகன் இவோனுக்குக் குடல்வால் அழற்சி முற்றியது. ஆஸ்பத்திரி ஷெர்புரூக் நகரத்தில். சாலைகள் பனியில் மூடிக் கிடந்தன. கராஜில் நின்ற சோதனை வண்டி ஓடும் நிலையில் இல்லை. குழந்தை இறந்துவிட்டது.

இந்தச் சோகத்தில் பிறந்ததுதான் கண்டுபிடிப்பு என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். அது பாதி உண்மை. முயற்சி பல வருஷமாக நடந்துகொண்டே இருந்தது. அடுத்த வருஷம் அதற்கு விடை கிடைத்தது.

அப்படி என்ன விடை?

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,000 கிலோ வண்டி, நான்கு டயர். ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் பரப்பு 150 சதுர செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். அப்படின்னா, ஒரு சதுர செ.மீ.-க்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் பாரம். அதே வண்டிக்கு 30 செ.மீ. அகலத்தில் இரண்டு பட்டை மாட்டி, ஒவ்வொன்றும் ஒன்றரை மீட்டர் நீளத்துக்குத் தரையில் படிந்தால், பரப்பு 9,000 சதுர செ.மீ. பாரம் வெறும் 110 கிராம். நின்றுகொண்டிருக்கும் மனிதனின் பாதம் தரும் அழுத்தத்தைவிட அது குறைவு.

இந்தத் தத்துவம் பாம்பார்டியருடையது அல்ல. இரும்புச் சங்கிலி டிராக்டர்கள் முன்பே இருந்தன. ரப்பர் பட்டையையும் அடோல்ஃப் கெக்ரெஸ் என்ற பிரெஞ்சுக்காரர் முதலில் ரஷ்யாவில் ஜார் மன்னரின் கார்களுக்கு மாட்டினார். பிறகு சிட்ரோயன் கம்பெனிக்காகவும் செய்தார். வல்கூரில் இருந்த பிரச்னை வேறு: இரும்பு கனம், பனி பல்சக்கரத்தில் ஒட்டி இறுகி வண்டியை நிறுத்திவிடும். பாம்பார்டியர் பல்சக்கரத்துக்கே ரப்பர் உறை போட்டார். ரப்பரும் பருத்தியும் சேர்த்த பட்டையை அது இழுத்தது. இந்த அமைப்புக்கு 1937 ஜூனில் காப்புரிமை கிடைத்தது.

பி7 என்ற ஏழு பேர் வண்டி வந்தது. பிளைவுட் கூண்டு, முன்னால் சறுக்குக் கட்டை, பின்னால் பட்டை. டாக்டர்கள், பாதிரியார்கள், தபால் கொண்டுபோகிறவர்கள் வாங்கினார்கள். அடுத்து வந்த 12 பேர் வண்டி ஆம்புலன்ஸாகவும் ஓடியது.

1948-இல் அடி விழுந்தது. கிராமச் சாலைகளிலும் பனி அள்ள கியூபெக் அரசு ஏற்பாடு செய்ய, வியாபாரம் சரிந்தது. அவர் பனியை விட்டுவிட்டுச் சேற்றுக்கு வந்தார். 1953-இல் வந்த மஸ்கெக் டிராக்டரின் பெயருக்கே சதுப்பு நிலம் என்று அர்த்தம். 1959-இல் ஒருவர் இருவர் போகும் ஸ்கீ-டூ வந்து, அந்தப் பெயரே உலகம் முழுக்கப் பரவியது. 1964 பிப்ரவரி 18 அன்று புற்றுநோயால் இறந்தார், வயது 56.

ரப்பரும் குறுக்குச் சட்டமும் சேர்ந்த பட்டையை இன்று வீட்டிலேயே செய்கிறவர்கள் இருக்கிறார்கள். தண்ணீரிலும் நிலத்திலும் போகும் ஆறு சக்கர, எட்டு சக்கர சின்ன வண்டிகளுக்குக் கம்பெனிப் பட்டை விலை அதிகம். அதனால் குவாரியில் கழித்துப்போட்ட கன்வேயர் பெல்ட்டை நீள வாக்கில் அறுத்து, குறுக்கே ஆங்கிள் இரும்பை போல்ட் போட்டு முடுக்குகிறார்கள். அந்தச் சட்டங்களே தண்ணீரில் துடுப்பு மாதிரி உதவும். சிக்கல் என்னவென்றால், பெல்ட் நாளாக ஆக நீளும், போல்ட் துளையில் கிழியும். எஞ்சினுக்கும் உள்ளே இருக்கும் செயினுக்கும் சுமை கூடும். திரும்பும்போது பட்டை கழன்று விழுவது சகஜம். சதுப்பில் கழன்றால், நடந்துதான் வரணும்.

இடுக்கியில் இது ஓடுமா? தேயிலைத் தோட்டத்துச் சேற்றுப் பாதையிலும் நனைந்த வயலிலும் ஓடும். நிலச்சரிவு உருட்டிவிட்ட பாறைகளுக்கு நடுவே ஓடாது. பக்கவாட்டில் சரிந்த மலைப்பாதையில் கவிழவும் செய்யும். அங்கே இப்போதும் பாலமும் சாலையும்தான் வேண்டும்.