பாதிரியாரும் சோலைக்கிளியும்

அமெரிக்கப் பாதிரியார் சாமுவேல் ஃபேர்பேங்க் (1822–1898) இறைப்பணி ஆற்றியது மராட்டிய மண்ணான அகமத்நகரில். பறவையியலில் அவர் பெயர் நிலைத்தது நமது பழனி மலையால். அம்மலையின் சோலைக்காடுகளில் அவர் பறவைகளைச் சேகரித்தார். அங்குள்ள சிரிப்பான் ஒன்றுக்கு 1869-இல் அவர் பெயரைச் சூட்டினார் வில்லியம் பிளான்ஃபோர்டு. அம்மலையின் வெண்வயிற்றுச் சோலைக்கிளியை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தியவரும் பிளான்ஃபோர்டே.

நீலகிரிச் சோலைக்கிளியின் விலா செம்பழுப்பு. பழனியில் வாழ்வதற்கோ சாம்பல் நீலம். ஒரே மூதாதையின் வழிவந்த இவற்றை இன்று பாலக்காட்டுக் கணவாய் பிரிக்கிறது. குளிர்ந்த சோலையை விட்டு இவை வெப்பச் சமவெளிக்கு இறங்குவதில்லை. பிரிந்த கூட்டங்களில் தலைமுறைதோறும் சிறு வேறுபாடுகள் தோன்றும். சூழலுக்கு இசைந்தவை அதிகக் குஞ்சுகளை விட்டுச்செல்லும். டார்வின் விளக்கிய இயற்கைத் தேர்வு அதுவே. தற்செயலும் உடன்சேர, காலப்போக்கில் இனங்களே வேறாகிவிடும். மரபணு ஆய்வின் வழியே 2017-இல் சோலைக்கிளிகள் தனிப் பேரினமாக வகுக்கப்பட்டன.

கொடைக்கானலில் இன்று பைனும் தைலமரமும் சோலைகளை நெருக்குகின்றன. துண்டுபட்ட சிறு கூட்டத்தில் வேறுபாடுகள் அருகும். இயற்கை தேர்ந்தெடுக்க ஏதும் எஞ்சாது. ஆகவே, எஞ்சிய சோலைகளை ஒன்றோடொன்று இணைத்துக் காப்பதே ஃபேர்பேங்குக்கு நாம் செலுத்தும் மரியாதை என்று கருதுகிறேன்.