மின்சாரத்திற்குக் குதிர் கட்டியவர்

இளம் அறிவியல் மூன்றாம் ஆண்டு இயற்பியல் மாணவன்

அறுவடை முடிந்ததும் நெல்லைக் குதிரில் கொட்டி வாய்மூடி வைப்பது நம் நாட்டு வழக்கம். கொட்டியாகிவிட்டது, இனிக் கவலையில்லை என்று எந்த உழவனும் இருந்துவிடுவதில்லை. அந்து விழுந்ததா, ஈரம் ஏறியதா, எலி துளைத்ததா என்று அடிக்கடி திறந்து பார்ப்பான். சேர்ப்பது ஒரு வேலை. சேர்த்ததைக் காப்பது மற்றொரு வேலை. இந்த இரண்டாவது வேலையை நான் கற்றது வகுப்பறையில் அன்று; ஒரு கிடங்கில். கற்பித்தவர்கள் இருவர். ஒருவர், அக்கிடங்கிலேயே தலைநரைத்த ஒரு பெரியவர். மற்றவர், 1889ஆம் ஆண்டிலேயே மறைந்துவிட்ட பிரெஞ்சு அறிஞர் காஸ்டன் பிளாண்டே.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். சென்ற ஆண்டுக் கோடை விடுமுறையில், படிப்புச் செலவுக்கு ஆகுமே என்று வாகன உதிரிப் பொருள்களை மொத்தமாக விற்கும் கடை ஒன்றின் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தேன். லாரியில் வந்திறங்கும் பேட்டரிகளை அடுக்குவதும் பேரேட்டில் பதிவதும் என் பொறுப்பு. கல்லூரி திறந்த பின்னும் ஞாயிறுதோறும் சென்று வந்தேன். எல்லோரும் அண்ணாச்சி என்றழைக்கும் அந்தப் பெரியவர், முதல் நாளே ஒரு விதியைச் சொல்லித் தந்தார். பழைய சரக்கை முன்னே இழுத்து வைத்துவிட்டுப் புதிய சரக்கைப் பின்னே அடுக்க வேண்டும். முதலில் வந்தது முதலில் போக வேண்டும். ஆனால் லாரி பேட்டரி ஒவ்வொன்றும் முப்பது, நாற்பது கிலோ எடை. அதை இழுத்து மாற்றச் சோம்பிப் புதியவற்றை வாயிலருகேயே அடுக்கிவந்தேன். பழையவை தகரக் கூரையின் அடியில், வெயில் காயும் மூலையில் தங்கிப்போயின.

தீபாவளிக்கு முன் சரக்குக் கணக்கு எடுத்தபோது உண்மை வெளிப்பட்டது. ஒரு நாளும் வண்டியில் ஏறாத 14 பேட்டரிகள் செத்துக் கிடந்தன. பொறுப்பாளர் அண்ணாச்சிதானே! நட்டத்தை அவருடைய தீபாவளிப் போனசில் பிடிப்பதாக முதலாளி சொல்லிவிட்டார். அண்ணாச்சி தலைகுனிந்து நின்றார். அருகில் நின்ற நான் வாய் திறக்கவில்லை.

பயன்படுத்தாத பொருள் எப்படிக் கெடும்? இந்தக் கேள்வியோடுதான் மறுநாள் நம் கல்லூரி நூலகத்திற்குப் போனேன். அங்கே எனக்குக் கிடைத்தது பிளாண்டேயின் வாழ்க்கை.

பிரான்சு நாட்டின் தென்மேற்குக் கோடியில், பிரனீஸ் மலைத்தொடருக்கு அண்மையில் ஓர்தெஸ் என்னும் சிற்றூர் உண்டு. அங்கே 1834ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் நாள் காஸ்டன் பிளாண்டே பிறந்தார். கலைமகள் அந்த வீட்டில் இரண்டு உருவெடுத்தாள் போலும்! ஐந்தாண்டு இளையவரான தம்பி பிரான்சிஸ் பிளாண்டே புகழ்பெற்ற பியானோக் கலைஞராகி 1934 வரை வாழ்ந்தார். அண்ணனின் கைகள் இசைக் கட்டைகளை விட்டு அமிலச் சாடிகளை நாடின.

1854இல், 20ஆம் வயதில், பாரிசில் உள்ள கலை, தொழில் கல்விக்கூடத்தில் இயற்பியல் உதவியாளராக அவர் சேர்ந்தார். அங்கே பேராசிரியராக இருந்தவர் எட்மண்ட் பெக்கரல். கதிரியக்கத்தைக் கண்டறிந்த ஹென்றி பெக்கரலின் தந்தை இவர்தாம். அடுத்த ஆண்டே இளைஞர் பிளாண்டேயின் பெயர் உலகிற்குத் தெரிந்தது. ஆனால் மின்சாரத்தால் அன்று! பாரிசை அடுத்த மெதோன் என்னும் இடத்தில், ஐந்து கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழமையுள்ள ஒரு மாபெரும் பறவையின் எலும்பை அவர் கண்டெடுத்தார். பறக்க இயலாத அப்பறவைக்கு அறிஞர்கள் காஸ்டோர்னிஸ் என்று அவருடைய பெயரையே சூட்டினார்கள். 21 வயதில் இப்படியொரு பெயர் கிடைத்தால் நம்மில் பலர் அதைச் சொல்லியே காலத்தை ஓட்டிவிடுவோம். அவரோ ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பினார்.

1800ஆம் ஆண்டில் இத்தாலிய அறிஞர் வோல்ட்டா மின்கல அடுக்கைச் செய்து காட்டியிருந்தார். அதிலும் அதற்குப் பின் வந்த கலங்களிலும் ஒரு குறை இருந்தது. உள்ளிருக்கும் வேதிப்பொருள் தீர்ந்தால் கலத்தின் ஆயுளும் தீர்ந்தது. மின்னோட்டம் செல்லும்போது தகடுகளின் மேல் ஏற்படும் மாற்றத்தால், எதிர்த்திசையில் ஒரு மின்னழுத்தம் உண்டாவதும் அறிஞர்களுக்குத் தெரியும். துருவப்படுதல் என்று நாம் பாடத்தில் படிப்பது இதைத்தான். அதைத் தொல்லை என்று கருதி ஒழிக்கப் பார்த்தவர்களே மிகுதி. பிளாண்டே, எந்த உலோகத்தில் இந்த எதிர்விளைவு மிகுந்து, நீடித்து நிற்கிறது என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார். விலையுயர்ந்த வெள்ளியையும் பிளாட்டினத்தையும் விஞ்சி நின்றது மலிவான காரீயம்.

1859இல் இரண்டு காரீயத் தகடுகளுக்கு இடையே முரட்டுத் துணியை வைத்துப் பாய் சுருட்டுவதுபோல் சுருட்டி, ஏறத்தாழ 10 விழுக்காடு கந்தக அமிலம் கலந்த நீரில் இறக்கினார். வெளியிலிருந்து மின்னோட்டத்தைச் செலுத்த, ஒரு தகட்டில் காரீய டை ஆக்சைடு படிந்தது. மற்றொன்று காரீயமாகவே நின்றது. இரண்டையும் இணைத்தபோது சுமார் 2 வோல்ட் அழுத்தத்தில் மின்சாரம் திரும்பி வந்தது. தீர்ந்தபின் மறுபடியும் ஏற்ற முடிந்தது! சுருட்டியதால் பரப்பு கூடி, அகத்தடை குறைந்து, நொடிப்பொழுதில் பெருமின்னோட்டம் தரும் ஆற்றலும் வாய்த்தது. இன்று லாரியின் எஞ்சினைச் சுழற்றி எழுப்புவது அந்த ஆற்றலேயன்றோ! 1860இல் இத்தகைய ஒன்பது கலங்களை இணைத்துப் பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் முன் வைத்தார்.

உலகம் உடனே மாலையிட்டு வரவேற்றதா? இல்லை. கலத்தில் மின்சாரத்தை ஏற்ற வேண்டுமே. ஏற்றுவதற்கு டைனமோ அன்று நடைமுறைக்கு வரவில்லை. செலவு மிகுந்த பழைய வகைக் கலங்களைக் கொண்டே இந்தப் புதிய கலத்தை ஏற்ற வேண்டியிருந்தது. ஆகவே இருபதாண்டுக் காலம் அது பெரும்பாலும் ஆய்வுக்கூடப் பொருளாகவே இருந்தது.

அந்த இருபதாண்டுகளில் அவர் செய்த வேலைதான் என்னை நிமிர்ந்து உட்காரச் செய்தது. வெறும் காரீயத் தகடு முதல் நாளில் மிகக் குறைந்த மின்சாரத்தையே தேக்கும். அதைப் பழக்க வேண்டும். மின்சாரத்தை ஏற்றுவார், இறக்குவார், திசையை மாற்றி ஏற்றுவார். பின்பு சும்மா வைத்துவிடுவார். முதலில் சில மணி நேரம், பிறகு சில நாள், பிறகு வாரக்கணக்கு, மாதக்கணக்கு என்று ஓய்வை நீட்டிக்கொண்டே போவார். ஒவ்வோர் ஓய்வுக்குப் பின்னும் மறவாமல் மீண்டும் ஏற்றுவார். இப்படிப் பல மாதங்கள் பழக்கிய பின்பே தகட்டின் மேற்பரப்பு நுண்துளைகள் நிறைந்து, மிகுந்த மின்சாரத்தைத் தேக்க வல்லதாகும்.

ஓய்வில் என்ன நடக்கிறது? ஏறிய தகட்டின் மேலுள்ள காரீய டை ஆக்சைடும் அதன் அடியிலுள்ள காரீயமும் அமிலத்தில் தமக்குள் வினைபுரிந்து காரீய சல்பேட்டாக மாறுகின்றன. வெளியே கம்பி இணைக்காவிட்டாலும் மின்சாரம் கசிந்து தீர்கிறது. உரிய வேளையில் மீண்டும் ஏற்றினால் அந்தச் சல்பேட்டு செயல்படும் பொருளாகித் தகடு வளம்பெறும். ஏற்றாமல் விட்டாலோ, சல்பேட்டின் படிகங்கள் பெருத்துக் கெட்டிப்பட்டுத் தகட்டை அடைத்துவிடும். பின்பு எவ்வளவு ஏற்றினாலும் பெருமளவு திரும்பாது. பிளாண்டேயின் தகட்டை வளர்த்த அதே வினைதான் என் மூலையில் கிடந்த 14 பேட்டரிகளையும் கொன்றது. வேறுபாடு ஒன்றே. அவருடைய ஓய்வில் ஒரு கண் விழித்திருந்தது. என்னுடைய ஓய்வில் எல்லாக் கண்களும் உறங்கின.

ஆய்வுக்கூடத்தோடு அவர் நின்றுவிடவில்லை. பொதுமக்களின் கல்விக்காகப் பாரிசில் இயங்கிய சங்கத்தில் 1860 முதல் இயற்பியல் கற்பித்தார். தம் கலங்களை நூற்றுக்கணக்கில் இணைத்து உயர்ந்த மின்னழுத்தம் பெற்று, இடி மின்னல் போன்ற இயற்கை நிகழ்ச்சிகளை ஆராய்ந்தார். இருபதாண்டு உழைப்பைத் தொகுத்து 1879இல் நூலாக வெளியிட்டார்.

இதற்கிடையே 1870களில் கிராம் என்பவரின் டைனமோ வந்தது. மின்சாரம் மலிந்தது, அதைத் தேக்கி வைக்கும் தேவையும் பிறந்தது. 1881இல் காமில் ஃபோர் என்னும் பிரெஞ்சு வேதியியலார், காரீய ஆக்சைடைக் குழைத்துத் தகட்டின்மேல் அப்பி, மாதக்கணக்கான பழக்கும் வேலையைப் பெரிதும் குறைத்தார். அதே ஆண்டு ஃபோரின் கலங்கள் நான்கு, மின்சாரம் ஏற்றி ஒரு பெட்டியில் வைக்கப்பட்டுப் பாரிசிலிருந்து கடல் கடந்து கிளாஸ்கோவில் இருந்த வில்லியம் தாம்சனிடம் சென்றன. பிற்காலத்தில் கெல்வின் பிரபு என்று புகழ்பெற்றவர் இவரே. மூன்று நாள் பயணத்துக்குப் பின்னும் பெட்டியில் மின்சாரம் இருந்தது கண்டு அறிவுலகம் வியந்தது. சரக்கைப்போல மின்சாரம் ஊர்விட்டு ஊர் போயிற்று! அவ்வாண்டிலேயே பாரிசுத் தெருவில் குஸ்தாவ் துரூவே என்பவர் சேமக்கலத்தால் இயங்கும் மூன்று சக்கர வண்டியை ஓட்டிக் காட்டினார்.

1889ஆம் ஆண்டு மே 21ஆம் நாள், 55ஆம் வயதில் பிளாண்டே காலமானார். அதன்பின் பத்தே ஆண்டுகளில், 1899இல், காரீயக் கலங்களால் இயங்கிய கார் ஒன்று மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தைக் கடந்தது. 1912இல் மின்சாரத்தால் எஞ்சினைக் கிளப்பும் முறை அமெரிக்கக் கார்களில் வந்தது. கைப்பிடி சுழற்றும் தொல்லை நீங்கத் தொடங்கி, பேட்டரி வண்டிக்கு உறுப்பாயிற்று. லித்தியம் கலங்கள் பெருகிவிட்ட இன்றும் நம் பேருந்தையும் லாரியையும் கிளப்புவது பெரும்பாலும் பிளாண்டேயின் காரீயமும் அமிலமுமே.

நண்பர்களே, கிடங்கில் அண்ணாச்சி சொன்ன விதிகள் ஒவ்வொன்றுக்கும் காரணம் இப்போது எனக்குப் புரிந்தது. வெப்பம் ஏற ஏறத் தன்னிறக்கம் விரையும். 10 டிகிரி கூடினால் ஏறக்குறைய இரட்டிக்கும். ஆகவே நிழலும் காற்றோட்டமும் உள்ள இடமே பேட்டரிக்கு ஏற்றது. 12 வோல்ட் பேட்டரி முழுதும் ஏறியிருந்தால் ஓய்வில் 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்டும், 12.4க்கு இறங்கினால் தாமதிக்காமல் ஏற்ற வேண்டும். மூடி திறக்கும் வகையாயின் ஹைட்ரோமீட்டர் கொண்டு அமிலத்தின் ஒப்படர்த்தியைப் பார்க்கலாம். நீர் குறைந்தால் டிஸ்டில்ட் வாட்டர் மட்டுமே, அமிலம் ஊற்றலாகாது. அமிலமின்றி வரும் உலர் பேட்டரியின் முத்திரையை விற்பனை நாள்வரை பிரிக்கலாகாது.

ஏற்றும்போது ஹைட்ரஜன் வாயு வெளிப்படுகிறது. காற்றில் அது 4 விழுக்காடு சேர்ந்தாலே ஒரு பொறி போதும், வெடித்துவிடும். பீடியும் தீக்குச்சியும் அங்கே எமனுக்கு அழைப்பு. லாரியில் ஏற்றும்போது நிமிர்த்தி வைத்து, அடுக்குகளுக்கு இடையே பலகையோ அட்டையோ கொடுத்து, அசையாமல் கட்ட வேண்டும். டெர்மினல்களுக்கு மூடியிட வேண்டும். ஸ்பானர், இரும்புச் சங்கிலி போன்றவற்றை அருகில் போட்டால் இரண்டு முனைகளும் இணைந்து தீப்பிடிக்கும். அமிலம் தோலில் பட்டால் உடனே நிறைய நீர்விட்டுக் கழுவ வேண்டும். தரையில் சிந்தினால் சோடா உப்பு தூவலாம். காரீயம் நஞ்சு, கை கழுவாமல் சோற்றில் கை வைக்கலாகாது. பழைய பேட்டரியைக் குப்பையில் எறியாமல் திருப்பித் தர வேண்டும் என்பதை 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளும் வலியுறுத்துகின்றன.

இத்தனையும் படித்தபின் என்னால் வாய்மூடி இருக்க முடியவில்லை. அடுத்த ஞாயிறன்று முதலாளியிடம் சென்று, பிழை என்னுடையது என்று சொல்லி, நட்டத்தை என் கூலியில் பிடித்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொண்டேன். சற்று நேரம் என்னைப் பார்த்தார், பின்பு ஒப்புக்கொண்டார். அண்ணாச்சியின் போனஸ் அவருக்கே கிடைத்தது. குறைந்த மின்னோட்டத்தில் நாள்கணக்கில் ஏற்றிப் பார்த்ததில் 14 பேட்டரிகளில் 5 உயிர் பெற்றன, 9 பிழைக்கவில்லை. அவற்றின் கடனை இந்தத் தைப் பொங்கல்வரை ஞாயிறுதோறும் உழைத்துத் தீர்த்தேன்.

அண்ணாச்சி என்னைக் கடிந்துகொள்ளவும் இல்லை, பாராட்டவும் இல்லை. தம் மேசை இழுப்பறையிலிருந்து பழைய ஹைட்ரோமீட்டரை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, மூலையிலிருந்த முதல் அடுக்கைக் காட்டினார். அன்று முதல் ஞாயிறு காலையில் என் முதல் வேலை, ஓய்வில் இருப்பவற்றைப் பார்த்து வருவதுதான்.