புனையா ஓவியம்: நந்தலால் போஸின் கோட்டு வாழ்வு

வண்ணம் தீட்டப்பெறாது கோட்டளவில் நின்ற ஓவியத்தைப் பண்டைத் தமிழ்ச் சான்றோர் புனையா ஓவியம் என வழங்கினர். புனையாமையை ஒரு குறையாகக் கருதாமல், அதற்கெனத் தனிப்பெயரே ஆக்கி வைத்த மொழி தமிழ். இருபதாம் நூற்றாண்டு இந்தியாவில் அப்பெயருக்கு முற்றும் உரியவராக ஒருவரைச் சுட்ட வேண்டுமாயின், வங்கத்து நந்தலால் போஸைச் சுட்டலாம். புகழ்பெற்ற வண்ண ஓவியங்களையும் சுவரோவியங்களையும் அவர் ஆக்கினார் என்பது உண்மையே. ஆயினும் அவர் வாழ்நாளின் பெரும்பகுதி, சட்டைப் பையில் அடங்கும் சிறு அட்டைகளில், நடப்போரையும் சுமப்போரையும் உழுவோரையும் சில கோடுகளில் பற்றிக்கொள்வதில் கழிந்தது. அப்பயிற்சியை அவர் தனித்திருந்து செய்யவில்லை. ஒரு கூட்டத்தின் நடுவே, அக்கூட்டத்தோடு சேர்ந்தே செய்தார்.

1882ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 3ஆம் நாள், பீகாரின் முங்கேர் மாவட்டத்துக் கரக்பூரில் அவர் பிறந்தார். தந்தை பூர்ணசந்திர போஸ் தர்பங்கா அரசரின் பணியில் இருந்தவர். தாய் க்ஷேத்ரமணி தேவி பொம்மைகள் செய்வதில் கைதேர்ந்தவர். மகன் எட்டு வயதுச் சிறுவனாக இருந்தபோதே மறைந்தார். ஊர்க் குயவர்களும் பொம்மை செய்வோரும் களிமண்ணை உருவாக்கும் விதத்தை மணிக்கணக்கில் பார்த்திருந்த அச்சிறுவனுக்குப் பள்ளிப் பாடம் ஏறவில்லை. மேற்படிப்புக்காகக் கல்கத்தா சென்ற பின்னரும் நிலை மாறவில்லை. கல்லூரித் தேர்வில் தவறினார். வணிகக் கல்வியிலும் மனம் ஒன்றவில்லை. 1903இல் சுதீரா தேவியை மணந்து குடும்பத்தவராகவும் ஆகிவிட்ட நிலையில், 1905ஆம் ஆண்டளவில் கல்கத்தா அரசினர் ஓவியப் பள்ளியின் வாயிலில் போய் நின்றார். அவநீந்திரநாத் தாகூரின் ஓவியங்களை அச்சில் கண்டு, அவரிடமே பயில வேண்டும் என்ற வேட்கையில் வந்தவர் அவர்.

அப்பள்ளியில் அப்போது நிகழ்ந்துகொண்டிருந்த ஒரு பெரும் மாற்றத்தை இங்கு நினைவுகூர்தல் வேண்டும். ஐரோப்பிய முறைப்படி மனித உருவம் பயில்வோர், முதலில் கிரேக்கச் சிலைகளின் சுதை வார்ப்புகளைப் பார்த்து நிழலும் ஒளியும் தீட்டுவர். பின்னர், அசையாது நிற்கும் ஆடையற்ற மனிதரைப் பார்த்து வரைவர். பள்ளித் தலைவராக இருந்த ஹேவல் அம்முறையைத் தள்ளி, இந்திய மரபைப் பாடத்தின் நடுவில் அமர்த்தினார். மாணவர் சிலர் அதனை எதிர்த்துப் பள்ளியை விட்டே வெளியேறினர். அவர்களுடைய சினத்தில் நியாயம் சிறிதும் இல்லை என்று சொல்லிவிட இயலாது. வார்ப்புச் சிலையும் நிற்கும் உருவமும் இல்லையென்றால் மனித உடலை எதைக் கொண்டு பயில்வது? ஹேவலிடமும் அவநீந்திரரிடமும் அதற்கு நிறைவான விடை இருந்ததாகத் தோன்றவில்லை. அவ்விடையைத் தேடுவதே நந்தலாலின் வாழ்க்கையாயிற்று.

தொடக்க ஆண்டுகளில் அவர் வரைந்தவை பெரும்பாலும் புராண உருவங்கள். சிவனும் சதியும் அமைந்த ஓவியத்துக்காக 1908இல் கீழைக்கலைச் சங்கத்தின் கண்காட்சியில் ரூ.500 பரிசு பெற்றார். அத்தொகையைப் பயணத்தில் செலவிட்டார். அக்காலத்து ஓவியங்களில் மென்மையும் பக்தியும் உண்டு. உடலில் எலும்பு உண்டா என்ற ஐயமும் பார்ப்பவர்க்கு எழும். 1909 முதல் 1911 வரை ஹெரிங்ஹாம் சீமாட்டியின் தலைமையில் நடைபெற்ற அஜந்தாப் படியெடுப்புப் பணியில், சகோதரி நிவேதிதையின் தூண்டுதலால் அவரும் பங்கேற்றார். அரையிருளில், சிதைந்த சுவர்களில், ஒரே கோட்டின் வளைவில் தோளும் இடையும் கையும் உயிர்பெற்றிருப்பதை அங்கே கண்டார். அக்கோட்டைப் படியெடுக்கக் கற்றுக்கொண்டார். எனினும் படியெடுத்தல் வேறு, பெற்றிருத்தல் வேறு. அஜந்தா ஓவியர் எதைப் பார்த்து அக்கோட்டைப் பெற்றனர் என்ற வினா எஞ்சி நின்றது.

ஜப்பானிய அறிஞர் ஒகாகுரா கல்கத்தாவுக்கு வந்திருந்தபோது, மூன்று தீக்குச்சிகளை முக்கோணமாக வைத்து, இயற்கை, மரபு, தன்னாக்கம் என்னும் மூன்றும் கூடினால்தான் கலை நிற்கும் என விளக்கினார். அம்மூன்றில் தமக்கு எது குறைகின்றது என்பதை நந்தலால் உணர்ந்துகொண்டார். மரபு அவர் கையில் இருந்தது. கண்ணெதிரே நடமாடும் மனிதர் அவருடைய தாளுக்குள் இன்னும் வந்திருக்கவில்லை.

இக்காலத்து நிகழ்ச்சி ஒன்றை அவநீந்திரரே பின்னாளில் நினைவுக் குறிப்பாகச் சொல்லியிருக்கிறார். நந்தலால் தவம் புரியும் உமையை வரைந்து ஆசிரியரிடம் காட்டினார். படம் வெறுமையாக இருக்கின்றது, சற்று வண்ணமும் அணியும் சேர்க்கலாம் என்றார் ஆசிரியர். மாணவர் தலைகுனிந்து திரும்பினார். அன்றிரவு ஆசிரியருக்கு உறக்கம் வரவில்லை. தவத்தில் இருப்பவளுக்கு அணிகலன் எதற்கு என்ற எண்ணம் அவரை வாட்டியது. பொழுது புலர்ந்ததும் மாணவரின் வீட்டுக்கு விரைந்தார். நந்தலால் தூரிகையோடு படத்தின் முன் அமர்ந்திருந்தார். தொடாதே எனத் தடுத்து, தாம் சொன்னது தவறு என ஒப்புக்கொண்ட பின்னரே அவர் ஆறுதல் அடைந்தார். பின்னாளில் எத்தனையோ மாணவரின் தாள்களுக்கு முன் நின்றபோது, அந்தக் காலை நேரம் நந்தலாலின் கையைப் பிடித்து நிறுத்தியிருக்க வேண்டும்.

1919இல் இரவீந்திரநாத் தாகூர் சாந்திநிகேதனில் கலாபவனைத் தொடங்கினார். ஒரு பக்கம் அழைக்கும் கவிஞர்; மறுபக்கம் விட மனமில்லாத ஆசிரியர் அவநீந்திரர். சிறிது காலம் இரண்டுக்கும் இடையில் ஊசலாடிய நந்தலால், இறுதியில் கல்கத்தாவையும் அங்குத் தமக்கு வளர்ந்துகொண்டிருந்த பெயரையும் துறந்து, வீர்பூமின் செம்மண் வெளியில் குடியேறினார். 1920களின் தொடக்கம் முதல் 1951 வரை கலாபவனின் தலைமை அவரிடமே இருந்தது. அனைவருக்கும் அவர் மாஸ்டர் மோஷாய்.

இங்கேதான் அவர் தேடிய விடை கிடைத்தது. கலாபவனைச் சுற்றிச் சந்தால் மக்களின் ஊர்கள். விடியலில் வேலைக்குச் செல்லும் பெண்கள், தலையில் குடம், இடுப்பில் குழந்தை. வண்டியை நிமிர்த்தும் ஆண்கள். திருவிழா இரவில் தோள் கோத்து ஆடும் வரிசைகள். ஓவியனுக்காக அவர்களில் யாரும் நிற்கப்போவதில்லை. நிற்காத உடலை வரைய வேண்டுமாயின், பார்த்த கணத்தில் அதன் முதன்மை அசைவைப் பற்றிக்கொள்ள வேண்டும். பாரம் எந்தக் காலில் விழுகின்றது, முதுகு எப்பக்கம் வளைகின்றது, கை எதற்கு ஈடுசெய்கின்றது என்பன மட்டும் தாளில் இறங்க வேண்டும். மூக்கும் விரலும் பின்னர் வரலாம், வராமலும் போகலாம். நந்தலால் பையில் வெற்று அட்டைகளை வைத்துக்கொண்டே நடந்தார். கண்டதை அங்கேயே வரைவார். அல்லது கண்ணில் ஏற்றிக்கொண்டு வீடு திரும்பி நினைவிலிருந்து வரைவார். அவ்வட்டைகள் பல, கடிதங்களாகி மாணவருக்கும் நண்பருக்கும் அஞ்சலில் சென்றன.

அகத்தில் நிகழ்வது புறத்து உடலில் வெளிப்படுதலைத் தொல்காப்பியர் மெய்ப்பாடு என்றார். கூத்துக்கும் கவிதைக்கும் உரிய அச்சொல் இவ்வட்டைகளுக்கும் பொருந்தும். களைத்தவனின் முகம் அவற்றில் இல்லை. களைப்பு அவன் முதுகில் இருக்கின்றது.

வரைதல் கலாபவனில் தனிப்பாடம் அன்று, அன்றாட வழக்கம். ஆசிரியரும் மாணவரும் ஒரே வெளியில் அமர்ந்து வரைந்தனர். ஆண்டுதோறும் வெளியூர்ச் சுற்றுலா சென்று, தங்கிய இடங்களில் எல்லாம் தாள்களை நிரப்பினர். தாம் வரைந்ததை மாணவர் பார்க்கும்படி செய்யும் ஆசிரியர், மாணவர் வரைந்ததைத் தாமும் அதே ஆர்வத்தோடு பார்த்தார். சேர்ந்து செய்யும் வேலைகளுக்குக் குறைவே இல்லை. மாணவரும் ஆசிரியரும் மண்ணால் எழுப்பி, புடைப்புருவங்களால் நிறைத்து, கீல் பூசிய கறுப்பு வீடு இன்றும் சாந்திநிகேதனில் நிற்கின்றது.

1925இல் பாங்குராவிலிருந்து ராம்கிங்கர் பைஜ் என்னும் இளைஞர் வந்தார், நாவிதர் குடும்பத்தவர். அவர் கொண்டுவந்தவற்றைப் பார்த்த நந்தலால், எல்லாம் தெரிந்தவனுக்கு இங்கே என்ன வேலை என வியந்து, இரண்டு மூன்று ஆண்டு இருந்துவிட்டுப் போ என்றார். ராம்கிங்கர் வாழ்நாள் முழுதும் அங்கேயே இருந்துவிட்டார். ஆசிரியருக்கு எண்ணெய் வண்ணத்தில் விருப்பமில்லை. மாணவர் அதிலேயே வரைந்தார். கருத்து வேறுபாடு மறைக்கப்படவும் இல்லை. அதன் பொருட்டு மாணவர் விலக்கப்படவும் இல்லை. வீடு பெயர்ந்து நடக்கும் சந்தால் குடும்பத்தை ராம்கிங்கர் 1938இல் சிமெண்டுக் கலவையும் செம்மண் கூழாங்கல்லும் கொண்டு எழுப்பியபோது, அச்சிலையின் நடையில் கலாபவனின் பயிற்சி முழுவதும் கூடியிருந்தது.

வினோத் பிகாரி முகர்ஜியின் செய்தி வேறு. பிறவியிலேயே ஒரு கண்ணில் பார்வை இல்லாதவர். மறுகண்ணிலும் கடும் குறை. அத்தகையவரை ஓவியம் பயிலச் சேர்ப்பது தகுமா என நந்தலால் தயங்கினார். ஆர்வத்தோடு ஒழுங்காக வருகிறான் என்றால் இருக்கட்டும் என இரவீந்திரர் கூறினார். தயங்கிய ஆசிரியரே பின்னர் அம்மாணவரின் வளர்ச்சிக்கு இடமளித்தார். 1946-47இல் இந்தி பவனத்தின் சுவர்களில், முன்வரைவை ஒற்றியெடுக்காமல் நேரே சுவரில் தூரிகை ஓட்டி, இடைக்காலத்து அடியார்களின் பெருங்கூட்டத்தை வினோத் பிகாரி வரைந்தார். உதவிய இளைஞருள் கே.ஜி. சுப்பிரமணியனும் ஒருவர். கேரளத்தில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளியல் பயின்று, வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் சிறை சென்று, 1944இல் கலாபவனை அடைந்தவர் அவர்.

1940இல் விளம்பர ஓவியராகும் எண்ணத்தோடு, அரைமனத்துடன் வந்து சேர்ந்தவர் சத்யஜித் ராய். மரத்தை உச்சியிலிருந்து கீழ்நோக்கி வரையாதே, அது வளர்வது போல் வேரிலிருந்து மேல்நோக்கிக் கோட்டை இழு என நந்தலால் அவருக்குக் காட்டினார். பசுவை வெறும் வெளிக்கோடாக வரைந்தபோது, தோலுக்கு அடியில் உள்ள உடலை உணர்ந்தால்தான் பசு வரும் என்றார். ராய் படிப்பை முடிக்காமலே 1942இல் வெளியேறினார். எனினும், பாதேர் பாஞ்சாலியைத் தொடங்கியபோது அவர் கையில் இருந்தது எழுதிய திரைக்கதை அன்று. தூரிகையால் வரைந்த படங்களின் கட்டு.

நந்தலாலின் கோடு நாட்டுக்குத் தெரிந்த நாள் 1930. தண்டி நடைப்பயணத்தின்போது காந்தியடிகளை அவர் லினோலியத்தில் செதுக்கினார். கறுப்புப் பரப்பில் வெள்ளைக் கோடுகள். ஊன்றிய கோல், முன்னெடுத்த கால், நடையின் உறுதி. இதில் நீக்குவதற்கு ஒரு கோடும் இல்லை. சந்தால் ஊர்களின் வழியில் பத்தாண்டுகள் வரைந்த அட்டைகள் இல்லாமல் இப்படம் பிறந்திருக்காது. அதே ஆண்டில் இரவீந்திரரின் குழந்தைப் பாடநூலான சகஜ் பாட்டுக்கு அவர் செதுக்கிய படங்களில், வங்கக் குழந்தைகள் எழுத்தோடு சேர்த்து மனித அசைவையும் கற்றனர்.

1938இல் ஹரிபுராக் காங்கிரசு மாநாட்டுக்குப் படங்கள் வேண்டும் எனக் காந்தியடிகள் கேட்டார். பார்க்க வருவோர் கிராமத்தவர். படத்தில் இருப்போரும் அவர்களாகவே இருக்க வேண்டும் என நந்தலால் முடிவு செய்தார். மத்தளக்காரர், தச்சர், சமையற்காரர், மல்லர், தானியம் குத்தும் பெண் ஆகியோர் கைத்தாளில் மண் வண்ணங்களோடு எழுந்தனர். எண்பதுக்கும் மேற்பட்டவற்றை அவரே வரைந்தார். மாணவர் அவற்றைப் பின்பற்றிப் பெருக்க, ஏறத்தாழ 400 படங்கள் பந்தல்களில் ஏறின. காலம் குறுகியது, கைகள் பல. ஆண்டுக்கணக்கில் ஒருங்கே அமர்ந்து வரைந்த கூட்டம் என்பதால்தான் அது இயன்றது. பின்னர் அரசியலமைப்புச் சட்டத்தின் மூலப்படியை அவரும் மாணவரும் ஓவியங்களால் அணிசெய்தனர். பெருமைக்குரிய பணிதான், ஆனால் ஹரிபுராவின் மத்தளக்காரனிடம் உள்ள துள்ளல் அப்பக்கங்களில் குறைவு.

1951இல் பொறுப்பிலிருந்து விலகினார். 1954இல் பத்ம விபூஷண் வந்தது. உடல் தளர்ந்த பின்னர்ப் பெரிய பரப்புகளை விட்டுவிட்டு, கறுப்பு மையும் சிறு தாள்களுமே போதும் என அமைந்தார். 1956இல், அறுவை மருத்துவத்துக்குப் பின் வினோத் பிகாரி எஞ்சிய பார்வையையும் இழந்தார். 1966 ஏப்ரல் 16ஆம் நாள் நந்தலால் மறைந்தார். அவருடைய ஏழாயிரம் அளவிலான படைப்புகள் தில்லித் தேசிய நவீனக் கலைக்கூடத்தில் உள்ளன.

ஆறு ஆண்டுகள் கழித்து, 1972இல், கலாபவனின் சுவர் ஒன்றில் ஓட்டுச் சித்திரம் ஒன்று எழுந்தது. கண் முற்றும் தெரியாத வினோத் பிகாரி, தாளை மடித்தும் வெட்டியும் விரலால் தடவியும் உருவங்களை அமைக்க, மாணவர் அவற்றை ஓடுகளாக்கிப் பதித்தனர். அதில் அமர்ந்திருப்போரும் நடப்போரும் எந்தக் காலில் பாரம் விழுகின்றது என்பதை அறிந்தே இருக்கின்றனர்.