கர்தினால் நியூமன்: பிரிந்தும் பகைக்காதவர்



சபையையோ கட்சியையோ விட்டுப் பிரிகிறவர்களில் பலர், மறுநாளே பழைய வீட்டின்மேல் கல்லெறியத் தொடங்குவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அப்படிச் செய்யாத ஒருவரின் சரித்திரத்தை இவ்வாரம் வாசியுங்கள்.

ஜான் ஹென்றி நியூமன் 1801-ம் ஆண்டு இலண்டனில் பிறந்தார். ஆங்கிலிக்கன் சபைக் குருவாகி, 1828 முதல் ஆக்ஸ்போர்டு அர்ச். கன்னிமரியாள் கோவிலில் விசாரணைக் குருவாயிருந்தார். ஞாயிறு பிற்பகலில் அவர் செய்யும் பிரசங்கத்தைக் கேட்க மாணவர்கள் திரள்வார்கள். தம் சபை ஆதித் திருச்சபையின் நெறிக்குத் திரும்ப வேண்டுமென்று கேபிள், பியூசி முதலிய நண்பர்களோடு உழைத்தார். ஆனால் திருச்சபைப் பிதாக்களின் நூல்களை ஆராய ஆராய, உரோமைத் திருச்சபையே அந்த ஆதித் திருச்சபை என்ற எண்ணம் அவர் மனதில் வலுத்தது.

அவர் அவசரப்படவில்லை. 1842-ல் லிட்டில்மோர் என்னும் சிற்றூரில், குதிரை லாயத்தை மாற்றி அமைத்த எளிய வீட்டில் குடியேறி, ஜெபத்திலும் படிப்பிலும் காலங்கழித்தார். மறு ஆண்டு தம் பதவியைத் துறந்தார். 1845 அக்டோபர் 8-ந் தேதி இரவு, தொமினிக் பார்பேரி என்ற இத்தாலியக் குரு மழையில் நனைந்தபடி வந்து, நெருப்பருகே ஈரம் உலர்த்திக்கொண்டிருந்தார். நியூமன் அவர் காலடியில் முழந்தாளிட்டார். மறுநாள் திருச்சபையில் சேர்ந்தார்.

சத்தியத்திற்கு அவர் கொடுத்த விலை பெரிது. சகோதரி ஹாரியட் உறவை முறித்தவர், 1852-ல் சமாதானமாகாமலே இறந்தார். உயிருக்குயிரான ஆக்ஸ்போர்டில் அவர் மறுபடி கால்வைக்க 32 ஆண்டுகள் சென்றன. கத்தோலிக்கரிலும் சிலர் அவரைச் சந்தேகித்தார்கள். ஆயினும் பழைய நண்பர்களைப் பற்றி அவர் கசப்பு வளர்க்கவில்லை. 1865-ல் கேபிளின் வீட்டுக்குச் சென்றபோது, வாசலில் ஒருவரையொருவர் அடையாளம் தெரியவில்லை! அன்று பியூசியும் வந்திருக்க, மூவரும் ஒரே பந்தியில் அமர்ந்தார்கள். மறு ஆண்டு கேபிள் காலமானார்.

1879-ல் பாப்பரசர் 13-ம் சிங்கராயர் நியூமனைக் கர்தினாலாக்கினார். 1890-ல் அவர் மரித்தார். 2019-ல் பாப்பரசர் பிரான்சிஸ் அவருக்கு அர்ச்சியசிஷ்ட பட்டம் அளித்தபோது, அவர் விட்டுவந்த சபையைச் சேர்ந்தவரும் அப்போது இளவரசராயிருந்தவருமான சார்லஸும் உரோமையில் அதைக் கண்டார்.

அவர் நம்மிடம் வந்ததற்காக நாம் மகிழ்கிறோம். ஆனால் நம் வீட்டிலிருந்து ஒருவர் வேறு சபைக்குப் போனால் என்ன செய்கிறோம்? அவர் போனது தவறென்று நாம் வருந்துவது நியாயமே. அதற்காகக் கலியாணத்திற்கு அழையாமலும், சாவுக்குப் போகாமலும் இருப்பது நியாயமாகாது. ஹாரியட்டைப்போல் கதவைச் சாத்தாதீர்கள். கேபிளைப்போல் ஓர் இலை போட்டு வையுங்கள். இன்றிரவு குடும்ப ஜெபமாலையில் அவர் பெயரையும் சொல்லுங்கள்.