நாமகிரித் தாயார் குறித்த வேளை

ஸ்ரீ:

ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் முதலிய ஊர்களிலிருந்து உத்ஸவ ஸேவைக்கு வந்துள்ள அடியார்களில், துறைமுகத்தையும் தொழிற்சாலைகளையும் நம்பிக் குடும்பம் நடத்துவோர் அநேகர். வேலை எப்போது கிடைக்கும், பிள்ளைக்கு எப்போது ஒரு வழி பிறக்கும் என்பதே ஸந்நிதியில் அவர்கள் பெரும்பாலும் செய்யும் விண்ணப்பம். ஒரு காலத்தில் நம் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த ஸ்ரீவைஷ்ணவர் ஒருவரின் சரிதத்தை அவர்களுக்காக இங்கே சுருக்கி வரைகிறேன். அவரே கணித மேதை ஸ்ரீநிவாஸ ராமாநுஜன்.

கும்பகோணத்தில் ஜவுளிக் கடையொன்றில் கணக்கெழுதி வந்த ஸ்ரீநிவாஸய்யங்காருக்கும் கோமளத்தம்மாளுக்கும் நெடுநாள் புத்திர பாக்கியம் இல்லை. நாமக்கல் நாமகிரித் தாயாரை வேண்டிக்கொண்டபின், 1887 டிசம்பர் 22-ஆம் நாள், ஈரோட்டில் தாய்வீட்டில் கோமளத்தம்மாள் இப்பிள்ளையைப் பெற்றெடுத்தார். பிள்ளை வளர்ந்தது கும்பகோணம் ஸாரங்கபாணி ஸந்நிதித் தெருவில்.

கணக்கைத் தவிர வேறெதிலும் அவருக்கு மனம் செல்லவில்லை. அதனால் கும்பகோணம் கல்லூரியில் கிடைத்த உபகாரச் சம்பளம் போயிற்று. பின்னர் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. பரீட்சையில் தேறவில்லை. 1909-இல் விவாகமும் ஆயிற்று. பட்டமும் இல்லை, உத்தியோகமும் இல்லை. தாயாரே கனவில் கணித உண்மைகளை உணர்த்துகிறாள் என்று நம்பியவருக்கு, அன்றாடச் சோற்றுக்கே வழி தெரியவில்லை.

ஆயினும் அவர் சும்மா இருக்கவில்லை. கணக்கு நோட்டுகளை ஏந்திக்கொண்டு வீடு வீடாகச் சென்றார். 1910-இல் திருக்கோயிலூரில் டெப்டி கலெக்டர் ராமஸ்வாமி அய்யரைக் கண்டார். பின் நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் மாதந்தோறும் பொருளுதவி செய்தார். பிறர் பொருளில் வாழ மனம் ஒப்பாமல் மீண்டும் வேலை தேடினார். 1912 மார்ச் 1-ஆம் நாள் துறைமுக டிரஸ்டில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் அமர்ந்தார். அவ்வலுவலகத்தின் பிரதான கணக்கர் நாராயண அய்யரோ தாமே கணித வல்லுநர். தலைவர் ஸர் பிரான்ஸிஸ் ஸ்பிரிங் அவர் சொல்லுக்குச் செவி கொடுப்பவர். பிழைப்புக்காகத் தேடிய இடத்திலேயே தம்மை அறிந்தவரை அவர் கண்டது பகவத் ஸங்கல்பம் அன்றி வேறென்ன?

கேம்பிரிட்ஜ் பேராசிரியர் இருவருக்கு எழுதிய கடிதங்களால் பயன் விளையவில்லை. 1913 ஜனவரி 16-ஆம் நாள் ஹார்டி என்பவருக்கு எழுதிய கடிதம் பலித்தது. சீமைக்கு வருமாறு அழைப்பு வந்தது. கடல் தாண்டுதல் ஆசாரத்திற்கு விரோதம் என்று அன்னையார் தடுத்தார். பின்னர் நாமகிரித் தாயார் அவர் கனவில் தோன்றி, பிள்ளையைத் தடுக்கலாகாது என்று நியமித்ததாகச் சொல்வர். 1914 மார்ச் 17-ஆம் நாள், தாம் குமாஸ்தாவாக இருந்த அதே துறைமுகத்திலிருந்து ராமாநுஜன் கப்பலேறினார்.

1918-இல் லண்டன் ராயல் ஸொஸைட்டியின் உறுப்பினரானார். ஆனால் சீமையில் நோய் பற்றியது. 1919-இல் திரும்பியவர், 1920 ஏப்ரல் 26-ஆம் நாள் சேத்துப்பட்டில் பரமபதித்தார். வயது முப்பத்திரண்டே. கடல் கடந்தவர், பிராயச்சித்தம் செய்துகொள்ளாதவர் என்று உறவினர் பலர் இறுதிச் சடங்கிற்கும் வரவில்லை. ஆசாரத்தையே வாழ்க்கையாகக் கொண்ட அடியேனுக்கு இதை எழுதக் கை கூசுகிறது. தாயார் விடை கொடுத்து அனுப்பியவரை நாம் ஏற்கவில்லை.

பகவான் குறித்த வேளை இவ்வளவு குறுகியதா என்று சிலர் வினவலாம். விடை கூற அடியேனுக்கு ஞானம் போதாது. ஒன்று மட்டும் கண்கூடு. கடைசி வருஷத்தில் நோய்ப் படுக்கையிலும் அவர் எழுதிக்கொண்டே இருந்தார். அத்தாள்கள் கேம்பிரிட்ஜ் நூலகத்தில் கேட்பாரற்றுக் கிடந்து, 1976-இல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்ற அறிஞர் கண்ணிற்பட்டன. இன்றும் உலகம் அவற்றை ஆராய்கிறது. பலனைத் தாம் காண்போமா என்று அவர் கேட்டிருப்பின், ஓர் ஏடும் எழுதியிருக்க மாட்டார்.

ஆகவே அன்பர்களே, விண்ணப்பித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பது சரணாகதி ஆகாது. நாம் செய்ய வேண்டியதை இன்றே செய்வோம். வேளையை அவனிடம் விடுவோம். காத்திருப்பவரை இகழாதிருப்போம். காத்திருக்கும் ஒவ்வொரு குடும்பத்திற்கும் தாயார் கடாக்ஷம் கிட்டுமாறு பிரார்த்திக்கிறேன்.

சுபம்.