பறவைக்கு வளையம் அணிவித்த தீனமான்

ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் வட ஐரோப்பாவின் பறவைகள் கூட்டங்கூட்டமாகத் தெற்கு நோக்கிப் பறந்து செல்கின்றன. அவை எவ்வழியே சென்று எந்நாட்டில் தங்குகின்றன என்பதை நெடுங்காலம் எவரும் திட்டமாக அறிந்திலர். சில பறவைகள் குளிர்காலம் முழுதும் குளத்துச் சேற்றில் புதைந்து உறங்குவதாகக் கற்றோரும் நம்பிய காலம் உண்டு! இப்புதிரை விடுவிக்கத் தம் வாழ்நாளைச் செலவிட்டவர் யோகானஸ் தீனமான் ஆவார்.

இவர் 1863-ஆம் ஆண்டு செருமனியின் துரிங்கியாப் பகுதியில், சமய போதகர் குடும்பத்தில் தோன்றினார். தாமும் சமயக் கல்வி பயின்று ஆசிரியப் பணி புரிந்தார். 1896-இல் பால்டிக் கடலோரத்து ரொசிட்டன் என்னும் மீனவர் சிற்றூருக்குச் சென்றார். அங்கே கடலுக்கும் காயலுக்கும் நடுவே, ஏறத்தாழ 98 கிலோமீட்டர் நீளமுள்ள ஒடுங்கிய மணல்திட்டு ஒன்று கிடக்கின்றது. அகன்ற நீர்ப்பரப்பைக் கடக்கத் தயங்கும் பறவைகள் இத்திட்டின் மேலாகவே நெருங்கிப் பறக்கும். அக்காட்சியில் உள்ளத்தைப் பறிகொடுத்த தீனமான், 1901-இல் அவ்வூரிலேயே பறவை ஆய்வு நிலையம் ஒன்றைத் தொடங்கினார்.

அதற்கு முன்பே, 1899-இல், டென்மார்க்கு நாட்டுப் பள்ளியாசிரியர் மார்ட்டென்சன், மைனா இனத்துப் பறவைகளின் காலில் எண் பொறித்த அலுமினிய வளையங்களை மாட்டி வழிகாட்டியிருந்தார். (பள்ளியாசிரியர் ஒருவரின் எளிய எண்ணம் இத்துணைப் பயன் தந்ததை எண்ணி நம் ஆசிரியர்கள் மகிழலாம்.)

ரொசிட்டன் மக்கள் ஏழைகள். இலையுதிர் காலத்தில் மணலில் வலை விரித்துக் காகங்களைப் பிடித்து, உப்பிட்டு வைத்து உண்பர். தீனமான் அவர்களை இகழவில்லை. அவர்கள் பிடித்த காகங்களை உயிருடன் பெற்று, 1903 முதல் வளையமிட்டுப் பறக்கவிட்டார். வளையத்தைக் கண்டெடுப்போர் செய்தி அனுப்புமாறு வேண்டினார்.

உடனே எதிர்ப்பும் எழுந்தது. வளையத்தைத் தேடும் ஆசையால் வேட்டைக்காரர் கண்ட பறவைகளையெல்லாம் சுட்டு வீழ்த்துவர் என இயற்கை அன்பர் சிலர் கடிந்தனர். அக்கவலை பொருளற்றதன்று, செய்திகள் பல இறந்த பறவைகளிடமிருந்தே வந்தன. ஆயினும் தீனமான் தளரவில்லை. வடக்கே பின்லாந்து, மேற்கே வட பிரான்சு என வந்த செய்திகளைக் கொண்டு காகங்களின் வழியை வரைபடத்தில் குறித்தார். பின்னர், செங்கால் நாரைக் குஞ்சுகளுக்கு அணிவித்த வளையங்கள் தென்னாப்பிரிக்காவிலிருந்தும் கிடைத்தன. இந்நாரை குமரியில் நீராடி வடதிசைக்கு ஏகுவதை நம் சத்திமுத்தப் புலவர் முன்னரே பாடியிருப்பது எண்ணி வியத்தற்குரியது.

தீனமான் 1938-இல் காலமானார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அவ்வூர் உருசியர் வசமாகி, ரிபாச்சி எனப் பெயர் பெற்றது. அறிஞர்கள் 1956-இல் அங்கு ஆய்வைப் புதுப்பித்தனர். ராபின் முதலிய சிறு பாடும் பறவைகளைப் பெரும் வலைக்கூண்டுகளில் பிடித்து, இறகை அளந்து, எடை பார்த்து, வளையமிட்டுச் சிறிது நேரத்தில் விடுவிப்பர். ஐந்தாறு கிராமே எடையுள்ள குருவிக்கும் அதன் காலுக்கேற்ற வளையம் உண்டு. தீனமானின் கல்லறையும் அம்மணல்திட்டிலேயே உள்ளது.