பேங்க் கிளார்க்காக இருந்த ஜனாதிபதி



ஹாரி ட்ரூமன் என்றால் உங்களுக்கு ஹிரோஷிமா நினைவுக்கு வரும். வாழ்நாள் முழுதும் பேங்க் கவுண்டரில் உட்கார்ந்து ரிடையர் ஆன எனக்கோ, அவர் கான்சாஸ் சிட்டியில் பார்த்த கிளார்க் வேலைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. அப்பா கோதுமைச் சந்தை யூக வியாபாரத்தில் பணத்தைத் தொலைத்ததால் மகனுக்குக் கல்லூரிப் பட்டம் கிடைக்கவில்லை. 1903-ல் பேங்கில் சேர்ந்தார். மூன்று ஆண்டுகளில் அப்பா கூப்பிட்டார் என்று வேலையை விட்டு வயலுக்குப் போய்விட்டார். பட்டம் பெறாத கடைசி அமெரிக்க ஜனாதிபதி அவர்தான்.

முதல் உலகப் போரில் பீரங்கிப் படையில் கேப்டன். திரும்பி வந்ததும் 1919-ல் நண்பர் எடி ஜேக்கப்சனுடன் ஆண்களுக்கான சட்டை, டை, தொப்பி விற்கும் கடை போட்டார். 1922-ல் கடை மூழ்கியது. கூட்டாளி பின்னர் திவால் மனு கொடுத்துவிட்டார், ட்ரூமன் கொடுக்கவில்லை. பல ஆண்டுகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கடனை அடைத்தார். கடைசி பைசா வரை கட்டினார் என்று பலர் எழுதுவார்கள். பேங்க் ஆளாக ஒரு திருத்தம் சொல்லியாக வேண்டும். பெரிய கடன் ஒன்றின் பத்திரம், பேங்க் திவாலான பிறகு குறைந்த விலைக்கு வந்தபோது, அவருடைய தம்பி 1,000 டாலருக்கு அதை வாங்கிவிட்டார். நம் பாஷையில் இது செட்டில்மென்ட்.

கடை போனதும் அரசியல். ஜாக்சன் கவுண்டியில் 'ஜட்ஜ்' பதவி. பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், வழக்கு விசாரிக்கிற வேலை இல்லை. நம் ஊர் மாவட்டப் பஞ்சாயத்துத் தலைவர் மாதிரி ரோடு, கட்டடம், வரிப்பணம் பார்க்கிற வேலை. ஆளை நிறுத்தியது டாம் பெண்டர்காஸ்ட் என்ற கான்சாஸ் சிட்டி அரசியல் முதலாளி. கான்ட்ராக்ட் முதல் ஓட்டு வரை அவர் கையில். (1939-ல் வருமான வரி ஏய்ப்புக்காகச் சிறைக்குப் போனார்.) அப்படிப்பட்டவர் தயவில் பதவிக்கு வந்தும், 1928-ல் மக்கள் ஓட்டுப் போட்டு அனுமதித்த கடன் பத்திரப் பணத்தில் ட்ரூமன் நல்ல ரோடுகள் போட்டார். எதிர்க்கட்சிக்காரர்களே ஒத்துக்கொண்ட வேலை அது.

இனி சொல்வதற்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுதுகிறேன். 1930களின் தொடக்கத்தில், வேலை கேட்டு வருகிற கூட்டத்துக்குத் தப்பி, கான்சாஸ் சிட்டியின் பிக்விக் ஹோட்டலில் அறை எடுத்து உட்கார்ந்து, தனக்காகவே பக்கம் பக்கமாக எழுதினார். அதில் ஓர் ஒப்புதல் இருக்கிறது. முதலாளியின் கூட்டாளி ஒருவன், கொலையும் செய்தவன், கவுண்டி பணத்தில் சுமார் 10,000 டாலர் திருட விட்டிருக்கிறார். அதை விடாவிட்டால் ரோடு பணத்தில் 10 லட்சத்துக்கு மேல் போயிருக்கும் என்பது அவர் கணக்கு. பிறகு தன்னையே கேட்டுக்கொள்கிறார், செய்தது சரியா, இல்லை நானும் குற்றத்தில் பங்காளியா என்று. தெரியவில்லை என்று எழுதி நிறுத்திவிட்டார்.

இதைப் படித்துவிட்டு நான் சும்மா இருக்க முடியவில்லை. நம் சங்கத்துக்கு நான் பொருளாளராக இருந்த கோடையில், தண்ணீர் லாரி பில்லில் வராத ஒரு லோடு சேர்ந்திருந்தது தெரிந்தும் கையெழுத்துப் போட்டேன். தகராறு செய்தால் மறுநாள் லாரி வராது. 64 வீட்டுக்கும் குழாயில் காற்றுதான் வரும். ஆண்டுக் கூட்டத்தில் கணக்கு பாஸ் ஆனது, யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

மற்றது உங்களுக்குத் தெரிந்த சரித்திரம், வேகமாகப் போகலாம். 1934-ல் செனட்டர். 1941 முதல் போர்க் கான்ட்ராக்ட்களில் நடந்த வீண்செலவைத் தோண்டிய கமிட்டிக்குத் தலைவர். ஒரு ரூபாயும் டேலி ஆகாமல் விடாத ஆசாமிக்கு ஏற்ற வேலை. 1945 ஜனவரியில் துணை ஜனாதிபதி. ஏப்ரல் 12-ல் ரூஸ்வெல்ட் இறந்ததும் ஜனாதிபதி. அதுவரை அணுகுண்டு ஆராய்ச்சி பற்றி அவருக்கு விவரமாக யாரும் சொல்லியிருக்கவில்லை.

ஜூலை 25 அன்று டைரியில், குண்டு ராணுவ இலக்குகள் மீதுதான் விழ வேண்டும், பெண்கள் குழந்தைகள் மீது அல்ல என்று எழுதினார். ஆகஸ்ட் 6 ஹிரோஷிமா, 9 நாகசாகி. இரண்டும் ஊர்கள். பெண்களும் குழந்தைகளும் இருந்த ஊர்கள். மறுநாள், தன் நேரடி உத்தரவு இல்லாமல் இனி குண்டு போடக்கூடாது என்று நிறுத்தினார். இன்னொரு லட்சம் பேரை அழிப்பதை நினைக்கவே முடியவில்லை, அத்தனை குழந்தைகளைக் கொல்வது பிடிக்கவில்லை என்று மந்திரி சபையில் சொன்னதாக வணிக மந்திரி ஹென்றி வாலஸ் தன் டைரியில் குறித்து வைத்திருக்கிறார்.

1953 ஜனவரியில் பதவி முடிந்தது. மனைவி பெஸ்ஸுடன் ரயிலேறி மிசௌரியில் உள்ள இண்டிபெண்டன்ஸ் ஊருக்கு, மாமியார் வீட்டுக்கே திரும்பினார். அப்போது முன்னாள் ஜனாதிபதிக்குப் பென்ஷன் கிடையாது. வந்தது ராணுவப் பென்ஷன் மட்டும், மாதம் 112 டாலர் 56 சென்ட். பென்ஷன் ஸ்லிப் பார்க்கிற நம்மவர்களுக்கு அந்த 56 சென்டின் அருமை புரியும்! கம்பெனிகள் பெரிய சம்பளத்தில் அழைத்தன. அவர்களுக்கு வேண்டியது தான் இல்லை, தான் வகித்த பதவியின் பெயர் என்று மறுத்துவிட்டார். அந்தப் பதவியை விற்கும் உரிமை தனக்கு இல்லை என்பது அவர் எண்ணம். நினைவுக் குறிப்புகளை 1955, 56-ல் இரண்டு தொகுதிகளாக எழுதினார். நல்ல தொகைதான், ஆனால் பெரும்பகுதி வரிக்கும் உதவியாளர்களுக்கும் போனது. 1958-ல்தான் முன்னாள் ஜனாதிபதிகளுக்கு ஆண்டுக்கு 25,000 டாலர் பென்ஷன் சட்டம் வந்தது.

அதன் பிறகு பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். 1959-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மூன்று நாள் மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில். 1960களின் தொடக்கத்தில் டிவி தொடருக்காக ஒலிநாடாவில் நீண்ட உரையாடல்கள். அரசியல் கௌரவமான தொழில், அதை இழிவாகப் பேசுகிறவர்களால்தான் அது கெடுகிறது என்பது அவர் கட்சி. உரையாடியவர், ட்ரூமன் இறந்த பிறகு 1974-ல் அதைப் புத்தகமாக்கினார், அமோக விற்பனை. பின்னால் வரலாற்றாசிரியர்கள் நாடாக்களோடு ஒப்பிட்டபோது, புத்தகத்தில் உள்ள பல பேச்சுகள் நாடாவில் இல்லை. வாட்ஸ்அப்பில் அவர் பெயரில் வருகிற பொன்மொழிகளை நான் பார்வர்டு செய்யாததற்கும் இதுதான் காரணம்.

இத்தனை பேச்சிலும் அணுகுண்டு பற்றி வெளியில் அவர் சொன்ன பதில் மட்டும் மாறவேயில்லை. போரைச் சீக்கிரம் முடித்தது, இரு பக்கமும் உயிர் மிஞ்சியது, வருத்தம் இல்லை. அவர் பக்க நியாயத்தை நான் தள்ளவில்லை. போர் நீண்டிருந்தால் எத்தனை பேர் செத்திருப்பார்களோ. ஆனால் 10,000 டாலருக்காக ஒரு ஹோட்டல் அறையில் தன்னை நிறுத்திக் கேள்வி கேட்ட மனிதர், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்களுக்காக அதே கேள்வியை ஊரறியக் கேட்கவில்லை. ஒருவேளை சின்னத் தொகைக்குத்தான் மனிதனால் அப்படிக் கேட்டுக்கொள்ள முடியுமோ என்னவோ. என்னாலும் ஒரு லாரி தண்ணீருக்குத்தான் முடிந்தது.

1972 டிசம்பர் 26 அன்று, 88 வயதில் காலமானார். இண்டிபெண்டன்ஸில் அவர் பெயரில் உள்ள நூலகத்தின் முற்றத்திலேயே அடக்கம் செய்தார்கள். பிக்விக் ஹோட்டல் காகிதங்களை அவர் கிழித்துப் போடவில்லை. அவையும் அந்த நூலகத்தில்தான் இருக்கின்றன.